அழுகையை வெட்டிய படம்

பாப்பாக்காவுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. காதோரம் நரை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் வசனத் தாளில் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தால் ஐந்து வயதுக் குழந்தை பேசும். வேற்று மொழிப் படங்களை நம் மொழியில் மாற்றி வெளியிடுகிறார்களே, அதில் வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் குரல் கொடுப்பவள் அவள்தான். பையனோ பெண்ணோ, பால்குடி மறக்காததோ பல் விழுந்ததோ, எதைக் கொடுத்தாலும் பேசுவாள். அதனால் பாப்பா. வயதுக்கு மரியாதையாக அக்கா. இரண்டையும் சேர்த்து முதலில் கூப்பிட்ட மகராசன் யாரென்று தெரியவில்லை, நன்றாக இருக்கட்டும்.

எனக்கும் அதே தொழில்தான். கொடுமைக்கார மாமியார், சூனியக்காரி, செத்தும் அடங்காத பேய், இவர்களெல்லாம் நான். ஸ்டூடியோவில் என்னைப் பேய்க்கா என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் வரும்.

இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில்தான் வீடு. நான் இரண்டாவது மாடி, அவள் என் தலைக்கு மேலே மூன்றாவது மாடி. அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பூச்சியைக்கூட அடிக்காத மனிதர். அப்படிப்பட்டவர் மேல் ஒருமுறை பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் புகார் சொல்லிவிட்டாள், தினமும் பிள்ளையைப் போட்டு அடிக்கிறார் என்று. அழுத பிள்ளை யார் தெரியுமா? நம் பாப்பாக்காதான். அழுகையில் அவளை அடிக்க ஆளில்லை. கேட்டது கிடைக்காத அழுகை வேறு, தப்பு செய்துவிட்டு அடி விழுவதற்கு முன்னாலேயே தொடங்குகிற அழுகை வேறு, தூக்கம் சொக்கி எதற்கென்றே தெரியாமல் அழுகிற அழுகை வேறு. எல்லாவற்றையும் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பழகிப் பார்ப்பாள். அந்த அம்மாளை மேலே கூட்டிக்கொண்டு போய், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாணலியோடு அழுதுகொண்டிருந்தவளைக் காட்டினேன். பாவம், அவளுக்குத் தலையே சுற்றிவிட்டது.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே மகள். குட்டி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாம் வகுப்பு. தொட்டால் அழுவாள், தொடாவிட்டால் ஏன் தொடவில்லை என்று அழுவாள். "தொழிலை இப்பவே கத்துக்கிட்டா பாரு, உன் வேலைக்கு வேட்டு வைக்கப் போறா" என்று பாப்பாக்காவைச் சீண்டுவேன். அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருப்பார்கள், ஒன்று வேலை, ஒன்று நிஜம். குட்டியே நடுவில் அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா, நீ கொஞ்சம் நிறுத்து, நான் அழறது எனக்கே கேக்கல" என்பாள்.

அந்தக் குட்டிக்கு ஒரே ஒரு மனக்குறை. தொலைக்காட்சியில் ஏதாவது குழந்தை பேசினால், மறுநாள் வகுப்பில் போய், "அது எங்கம்மா" என்று சொல்லிவிடுவாள். ஒருத்தராவது நம்ப வேண்டுமே! படத்தின் முடிவில் பெயர்கள் ஓடுகின்றனவே, அதில் டீ வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட இருக்கும், குரல் கொடுத்தவர்கள் பெயர் இருக்காது. "எங்கடி உங்கம்மா பேரு?" என்று கேட்பார்களாம். புளுகுணி என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் வரவில்லையாம். பாப்பாக்கா அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அந்த டப்பாவிலிருந்த ஆறிப்போன சோற்றைத் தானே தின்றுவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது.

விஞ்ஞானக் கதை. பூமியில் காற்று கெட்டுப்போய்விட்டது. அதைச் சரிசெய்யப் பெரியவர்கள் மேலேயே தங்கிவிட, பிள்ளைகளை நிலத்துக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அறை, பார்த்துக்கொள்ள ஆளுக்கு ஓர் இயந்திரம். ஒரு சிறுமி அம்மா வேண்டுமென்று அழுகிறாள். அழுதால் மூச்சு வேகமாகும், அறையில் இருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் இயந்திரம் ஒரு வழி கண்டுபிடிக்கிறது. அவள் அழும்போதெல்லாம் அவள் மூளையிலிருந்து அம்மாவைக் கொஞ்சம் அழித்துவிடும். முதலில் அம்மாவின் வாசனை போகிறது. அப்புறம் கை. அப்புறம் முகம். கடைசியில் நிஜ அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடி வருகிறாள். "நீங்க யாரு?" என்கிறாள் பிள்ளை. கேட்டுவிட்டு, யாரென்று தெரியாமலே, ஏனென்று புரியாமலே, அந்த முகத்தைப் பார்த்து அழத் தொடங்குகிறாள். அதோடு படம் முடிகிறது.

பிள்ளைக்குப் பாப்பாக்கா குரல். இயந்திரத்துக்கு நான். "அன்பாப் பேசுங்க பேய்க்கா, அன்பாப் பேசுனாத்தான் பயமா இருக்கும்" என்றார் டப்பிங் பொறுப்பாளர். எப்போது பார்த்தாலும் காலில் சுடுதண்ணீர் ஊற்றினாற்போல் பறப்பார் என்பதால் அவருக்கு அவசரம் என்று பெயர். கடைசிக் காட்சியில் பாப்பாக்கா அழுத அழுகை இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வேன்! கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவு செய்கிற தம்பி, காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் அம்மாவுக்கு போன் செய்தான்.

தணிக்கைக் குழு படத்தைப் பார்த்துவிட்டு, பெரியவர்களுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டது. குழந்தை அழுகிற காட்சிகள் பிள்ளைகளின் மனதைப் பாதிக்குமாம். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். வாங்கி வெளியிடுகிறவர்கள் விடுவார்களா? பள்ளி விடுமுறைக்கு வெளியாக வேண்டிய படம். அவசரம் மறுபடி எங்களைக் கூப்பிட்டார்.

"அழுகையை மட்டும் எடுத்துடலாம் பாப்பாக்கா. அழற முகத்தை வெட்டிட்டோம். மிச்ச இடத்துல புள்ள முதுகுதான் தெரியும். அங்க அழாம, சாதாரணமா, சிரிச்சுப் பேசிட்டுப் போயிடுங்க. எல்லாரும் பாக்கலாம்னு சான்றிதழ் குடுத்துடுவாங்க."

பாப்பாக்கா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பேசினாள். "சார், அந்தக் கடைசி அழுகைதான் சார் அவளுக்குள்ள அம்மா மிச்சம் இருக்காங்கன்னு சொல்லுது. அதையும் எடுத்துட்டா ஒண்ணுமே மிச்சமில்லையே. பாக்கற புள்ளைங்க எதைப் புடிச்சுக்கும்?"

"அவ்வளவெல்லாம் புள்ளைங்க யோசிக்காது. பறக்கற வண்டி, பளபளன்னு லைட்டு, அதைப் பாத்துட்டுப் போயிடும்."

நான் சும்மா இருப்பேனா? "கத்தியை எடுத்துட்டுக் காயத்தை விட்டுட்டுப் போறீங்க" என்று சத்தம் போட்டேன். அவசரம் என் பக்கமே திரும்பவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் படத்துல உங்க பேரைப் போடறோம் பாப்பாக்கா. கடைசியில பொடி எழுத்துல இல்ல. முதல்லயே, தனியா, பெருசா."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் யாரை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. படம் பெரியவர்களுக்கு மட்டும் என்றால் அந்தப் பெயரைக் குட்டியின் வகுப்பில் ஒரு பிள்ளையும் பார்க்க முடியாது. எல்லாரும் பார்க்கலாம் என்றால் பார்க்கலாம். அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு. பெயருக்கு ஆசைப்பட்டாள் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கில் சூடு வைப்பேன்.

செய்து முடித்தாள். அழுதால் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடுவேன் என்று இயந்திரமாக நான் பேசிய வசனத்தை யாரும் தொடவில்லை. கடைசிக் காட்சி. சிறுமி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எதிரே அம்மா மண்டியிட்டுக் கையை நீட்டுகிறாள். "நீங்க யாரு ஆன்ட்டி? வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பாப்பாக்கா ஒரு சிரிப்புச் சிரித்தாள். பல் விழுந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. ஒரே டேக்கில் சரியாக வந்தது. அதற்கு முன்னால் நான் எத்தனையோ பேய்ப் படத்தில் கத்தியிருக்கிறேன், ஒருநாளும் அப்படிப் பயந்ததில்லை.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு பாருங்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பயமுறுத்தும் காட்சிகள் எதுவும் இல்லை, குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

அவளும் ஒன்றும் யோசிக்காமல் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே குட்டியைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். படம் தொடங்குவதற்கு முன்னாலேயே முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டும், கடைசிக் காட்சியில் மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் என்னிடம் சொன்னாள். அதற்குள் பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது. விஞ்ஞானப் படம், எல்லாரும் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறது, பிறகென்ன? விடுமுறை விடுவதற்கு முன்பு வகுப்பு வகுப்பாகக் கூட்டிப் போனார்கள். வேன் ஓட்டியது யார்? குட்டியின் அப்பாதான். அம்மாவின் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு மகளே வந்து சொல்லட்டும், பாப்பாக்கா மகிழ்ந்துபோவாள் என்று நினைத்து, அவர் வீட்டில் மூச்சே விடவில்லை. நல்ல மனிதர், நல்லது நினைத்துத்தான் செய்தார்.

பெயர் வந்தபோது வகுப்பே எழுந்து கைதட்டியதாம். "புளுகுணி இல்லடி, நெஜம்டி!" என்று கத்தினார்களாம். சாயங்காலம் குட்டி தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டு வருவாள் என்று பார்த்தால், மெதுவாகப் படியேறி வந்தாள். சிரித்த முகம். "எல்லாரும் நம்பிட்டாங்கம்மா" என்றாள். பாப்பாக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "படம் பயமா இருந்துச்சாடா?" "இல்லம்மா." "அழுதியா?" "யாருமே அழல." அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. நான்கூட, நாம்தான் பெரிய மேதாவிகள் மாதிரி பயந்துவிட்டோம் என்றேன்.

அதற்கப்புறம் குட்டி அழுவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. அழுவது காதில் விழும், அழாதது எப்படிக் காதில் விழும்? பென்சில் உடைந்தால் அழவில்லை. தலை சீவும்போது சிக்கில் சீப்பு மாட்டினால் அழவில்லை. ஊசி போட்டபோது சிரித்தாள். வளர்ந்துவிட்டாள், சமத்து என்று ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். பாப்பாக்கா மட்டும், "என்னக்கா இது, வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்று கையைப் பிசைந்தாள். சத்தமில்லாமல் இருந்தால் அதற்கும் குறையா என்று நான் அதட்டி அனுப்பினேன்.

பள்ளிக்கூடம் திறந்து, ஒரு காலை வேளை, விளையாட்டு மைதானத்தில் குட்டி கீழே விழுந்திருக்கிறாள். விழுந்தவள் எழுந்து, வகுப்பில் போய் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் பாடம் எழுதியிருக்கிறாள். மதியம் சாப்பிட்டிருக்கிறாள். மணி அடித்து, வேனில் ஏறும்போது அவள் அப்பா வழக்கம்போலத் தூக்கிவிடக் கையைப் பிடித்திருக்கிறார். அப்போதும் சிரித்தாளாம். ஆனால் முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

பாப்பாக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கட்டுப் போடுவதற்கு முன்னால் எலும்பை நேராக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் தடியான ஆள் ஒருவர் விரல் நகம் பெயர்ந்ததற்கு ஐயோ அம்மா என்று கூரையைப் பிளந்துகொண்டிருக்கிறார். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். டாக்டர், "என் சர்வீஸ்ல இப்படி ஒரு தைரியசாலியைப் பாத்ததில்ல" என்று தட்டிக்கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனிதரைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

பாப்பாக்கா கட்டில் ஓரத்தில் மண்டியிட்டாள். "வலிக்குதுல்ல கண்ணு? அழுதுடுடா. அம்மா இருக்கேன்ல. அழுடா."

குட்டி தலையை ஆட்டி மறுத்தாள்.

"ஏண்டா தங்கம்?"

"அழுதா உன்னை மறந்துடுவேன்மா."

பாப்பாக்கா அவசர அவசரமாகச் சொன்னாள். "அது படம்டா. வெறும் படம். அப்படியெல்லாம் நடக்காதுடா. உங்கப்பாவைக் கேளு, பெரியம்மாவைக் கேளு" என்று என்னைக் காட்டினாள்.

"படம்னு தெரியும்மா." பிள்ளை பொறுமையாகச் சொன்னாள், பெரியவர்கள் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "ஆனா பேசுனது நீதானே? அம்மாவை மறந்துட்டுச் சிரிச்சது நீதானே? உனக்கு அழவே வரல. உனக்கே வரல."

மற்ற குழந்தைகளுக்குத் திரையில் இருந்தது வேறு யாரோ ஒரு பிள்ளை. இவளுக்கு அது அம்மா. அழுவதற்கென்றே பிறந்த அம்மா, கடைசியில் அழாமல் சிரித்த அம்மா.

பாப்பாக்கா அழுதாள். நானும் எத்தனையோ வருஷமாக அவள் அழுது கேட்டிருக்கிறேன். இது எந்த வயதுக் குரலும் இல்லை. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். குட்டி நல்ல கையால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, "அழாதேம்மா, நான் மறக்க மாட்டேன், அழவே மாட்டேன்" என்றாள். அப்படித்தான் எலும்பை நேராக்கினார்கள், அப்படித்தான் கட்டுப் போட்டார்கள்.

மனநல மருத்துவரிடமும் போனார்கள். நல்ல அம்மாள். கட்டாயப்படுத்தாதீர்கள், தானாக வரும் என்றார். பாப்பாக்கா ஒலிப்பதிவுத் தம்பியிடம் கெஞ்சி, வெட்டி எறிந்த அந்த அழுகையை வாங்கி வந்து மகளுக்குப் போட்டுக் காட்டினாள். "பாரு, நான் முதல்ல அழத்தான் செஞ்சேன்." குட்டி கடைசிவரை கேட்டாள். "அப்புறம் ஏம்மா எடுத்துட்டாங்க?" என்று கேட்டாள். "சின்னப் புள்ளைங்க பாக்கறதுக்காகடா" என்று சொல்லும்போதே பாப்பாக்காவுக்கு உடம்பு கூசிப்போயிற்றாம். இப்போதெல்லாம் அவசரம் கூப்பிட்டால், சிரிக்கிற பிள்ளைகளுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறாள்.

கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் குட்டி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். பிஸ்கட் கொடுத்தேன், வாங்கவில்லை. கதவை அவளே போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

"பெரியம்மா, இங்க அழுதா மேல எங்க வீட்டுக்குக் கேக்குமா?"

"கேக்காதுடா."

"அந்த மெஷின் நீங்கதானே?"

"குரல் மட்டும்தாண்டா நான். ஏன்?"

"நான் அழுதா எங்கம்மாவை அழிச்சுடுவீங்களா?"

"சத்தியமா மாட்டேண்டா, சாமி சத்தியமா மாட்டேன்" என்றேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கை முறிந்ததற்கு, பென்சில் உடைந்ததற்கு, ஊசிக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். "அம்மாவுக்குக் கழுத்துல மச்சம். சின்ன விரல் வளைஞ்சிருக்கும். கண்ணாடியைத் தலைமேல வச்சுட்டுத் தேடுவாங்க. சோப்பு வாசனை." கண்ணைத் திறந்தாள். "இருக்கு பெரியம்மா. எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனாள்.

இப்போதும் வாரத்தில் ஒருநாளாவது வருவாள். வருவாள், அழுவாள், சொல்லிப் பார்ப்பாள், போவாள். அம்மாவின் முன்னால் இன்னும் ஒரு பொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. நான் வாக்கைக் காப்பாற்றி வருகிறேன். ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து மகள் இறங்கும் சத்தம் தாய்க்குத் தெரியாமல் போகுமா?

போன வாரம் குட்டி போனபின் வாசற்கதவைத் திறந்தேன். பாப்பாக்கா கீழ்ப்படியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் மேலே போகும்போது கண்ணில் படக் கூடாதென்று கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறாள். கையில் காய்கறிப் பை, ஏதோ கடைக்குப் போய் வருகிறவள் மாதிரி. உள்ளே வாடி என்றேன். வரவில்லை.

"கதவு சாத்தியிருந்துச்சு, சரியாக் கேக்கலக்கா" என்றாள். "அழுதாளா?"

"அழுதா."

"நல்லா அழுதாளா?"

"நல்லா அழுதா."

பாப்பாக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் போனாள்.